மிச்சம் இருந்தால் ஹேமாவதிக்கு

"அக்கா, நான் தர மாட்டேன்னா சொன்னேன்—"

"தர மாட்டேன்னு சொல்லலம்மா, தர்றேன் தர்றேன்னுதான் மூணு மாசமா சொல்லிகினே—"

"நாளைக்குக் காலைல கண்டிப்பா—"

"நாளைக்கி வெள்ளிக்கெழம."

"பார்த்தீங்களா, வெள்ளிக்கிழமை எப்படிக்கா குடுக்கறது? இன்னிக்குன்னா விளக்கு வேற வெச்சாச்சு—"

"வெளக்கு வெச்சது என் வூட்ல. உன் வூட்ல யாரு வெச்சா? நீயே இப்பதான் ஆபீஸ்லேர்ந்து நேரா வந்துகினு கீறே!"

"அம்மா, என் ஷூ."

"இரு மிருதுளா, அக்காகிட்ட பேசிட்டிருக்கேன்ல?"

"இது என் ஷூ இல்ல."

1

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் கிடைத்தது. நான் மாடியில் சமையலறை ஜன்னலோரம் காபி ஃபில்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன். சண்டை நேர் கீழே, கேட்டருகில். இரண்டு பேருடைய முகத்தையும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. எனக்குக் கதை காது வழியாகத்தான் வரும். ஒருத்தி என்ன நிறத்தில் புடவை கட்டியிருந்தாள் என்று கேட்டால் விழிப்பேன். 'சரி' என்பதை எத்தனை விதமாகச் சொல்வாள் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

பணம் கேட்ட குரல் ஹேமாவதி. பொழிச்சலூரில் இந்த வீட்டின் கீழ்த்தளத்தில் க்ரெச் நடத்துகிறாள். வேலைக்குப் போகிற பெற்றோர் காலையில் குழந்தையை விட்டுவிட்டு, சாயங்காலம் அழைத்துக்கொண்டு போவார்கள். வீடு அவள் கணவர் குமரேசனுடையது. அவர்கள் பின்பக்கம் குடியிருக்கிறார்கள். நான் மாடியில் வாடகைக்கு. க்ரெச் குழந்தைகள் எனக்கு 'மாடிம்மா' என்று பெயர் வைத்து, பெரியவர்களும் அதையே சொல்லும்படி ஆகிவிட்டது. இன்னொரு குரல் ரோஹிணி. மிருதுளாவின் அம்மா. காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜ் ஆபீஸில் வேலை.

மறுநாளே ஹேமாவதியிடம் அனுமதி கேட்டேன்.

"உங்க சண்டையை எழுதப்போறேன் ஹேமா."

"எழுதிக்கோங்க மாடிம்மா. என்னைய அழ மட்டும் வுடாதீங்க."

"அவ போனப்புறம் நீ அழலையா? மூக்கு உறிஞ்சற சத்தம் கேட்டுதே."

"கணக்கு போட்டுகினு இருந்தேன். அது கேக்கறவங்களுக்கு அப்டிதான் கீது."

எழுத உட்கார்ந்தேன். முதல் வரி: 'பொழிச்சலூர் வானில் அந்தி சிவந்தபோது—' [அடித்துவிட்டேன். என் ஜன்னலில் வானம் கிடையாது, எதிர் அபார்ட்மெண்டின் ஏசி மிஷின்கள்தான்.] இரண்டாவது முதல் வரி: 'குழந்தைகள் காப்பகம் என்பது உழைக்கும் பெண்களின்—' [இதையும் அடித்தேன். பேப்பரில் ஞாயிற்றுக்கிழமை வரும் கட்டுரை மாதிரி இருந்தது. எனக்கே கொட்டாவி.] மூன்றாவதாக, கேட்டதைக் கேட்டபடி எழுதினேன். அதைத்தான் மேலே படித்தீர்கள்.

(ஓரக் குறிப்பு: எங்கள் தெருவுக்கு மேலே விமானம் தாழப் பறக்கும். பேசிக்கொண்டிருப்பவர்கள் பாதி வார்த்தையில் நிறுத்தி, அது போனதும் விட்ட எழுத்திலிருந்து தொடர்வார்கள். மாடியில் இருக்கிற எனக்கு விட்ட எழுத்தும் கேட்காது. ஆகவே இந்தக் கதையில் சில வாக்கியங்கள் என் சொந்தச் சரக்கு. எவை என்று சொல்லமாட்டேன்.)

2

வாசகருக்கு ஒரு கேள்வி வரும். மூன்று மாதம் ஃபீஸ் தராதவளிடம் கண்டிப்பாகக் கேட்க வேண்டியதுதானே? நானும் கேட்டேன்.

"எப்போ கேக்கறது, சொல்லுங்க" என்றாள் ஹேமாவதி.

"காலைல, குழந்தையை விட வரும்போது."

"காலைல எல்லாம் அழுதுகினே வரும். அழற புள்ளையைக் கையில வாங்கி இடுப்புல வெச்சிகினு, துட்டு எங்கன்னு கேட்டா எப்டி இருக்கும்? புள்ள புடிக்கறவ மாதிரி இருக்காது?"

"சாயங்காலம்?"

"வெளக்கு வெச்சாச்சு."

"செவ்வாய், வெள்ளி?"

"அன்னிக்கி யாராவது துட்டு வெளிய குடுப்பாங்களா?"

"போன்ல மெசேஜ் போடேன்."

"போட்டா கும்புடற கை ஒண்ணு வரும். மஞ்சளா."

உள்ளே குழந்தைகளுக்குப் பருப்புச் சாதம் பிசைந்துகொண்டிருந்த தபீதாள் குரல் கொடுத்தாள். தபீதாள்தான் இங்கே ஆயா. குழந்தைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைப்பது அவள். அவளுக்குப் போன மாதம் பாதிச் சம்பளம்தான் கிடைத்தது.

"எங்க வூட்ல வெளக்கே வெக்கறதில்லையே, சர்ச்சுக்குப் போற வூடு. என் கையில குடுக்கச் சொல்லேன், நான் வாங்கிக்கறேன்."

"வாங்கறதுல ஒண்ணும் இல்ல தபீதா. குடுக்கறதுலதான். குடுக்கறவங்க வூட்டு லெட்சுமி போய்டும்."

"அப்ப அவங்க வூட்டு லெட்சுமிக்குக் காவல் நிக்கறது நீ. நல்லா கீது."

தபீதாள் வேடிக்கைக்குச் சொன்னாலும் விஷயம் அதுதான். இதை எழுதும்போது ஒரு தகவலைக் கிளறி எடுத்தேன். ரோஹிணிக்கு இந்த விளக்குச் சமாசாரம் முதலில் தெரியவே தெரியாது. க்ரெச்சில் சேர்த்த புதிதில் ஒரு சாயங்காலம் பணத்தைக் கையில் எடுத்து நீட்டியிருக்கிறாள். ஹேமாவதி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஐயோ, வெளக்கு வெச்சப்புறம் குடுத்தா உன் வூட்டுக்கு ஆவாதும்மா, நாளைக்கி குடு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அதாவது, சால்ஜாப்பைக் கற்றுக்கொடுத்தவளே ஹேமாவதிதான்! அடுத்தவர் வீட்டில் செல்வம் தங்க வேண்டும் என்று நினைத்ததற்கு இப்படி ஒரு வினை.

போனில் அனுப்பும் பணத்துக்கும் இந்த விதி உண்டா என்று கணவன் மனைவிக்குள் ஒரு பெரிய விவாதம் நடந்தது.

"கை மாறாத துட்டுக்கு இன்னாமே சாஸ்திரம்?" என்றார் குமரேசன்.

"கை மாறலன்னாலும் வூடு மாறுதுல்ல?"

"அது பேங்க்லேர்ந்து பேங்க்குக்குப் போவுது. பேங்க்ல யாரு வெளக்கு வெக்கறா?"

அதற்கு ஹேமாவதி சொன்ன பதில் [விமானம்] என்று முடிந்தது.

3

இப்போது ரோஹிணி. இவளிடம்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

முதல் வரைவில் அவளைக் கெட்டவளாக எழுதினேன். புது ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தேன். வாரத்துக்கு ஒரு நாள் வெளியிலிருந்து பிரியாணி வரவழைத்துக் கொடுத்தேன். 'உதட்டுச் சாயம் கலையாமல் பொய் சொல்வதில் ரோஹிணி—' [நிறுத்திவிட்டேன். அவள் உதட்டை நான் எங்கே பார்த்தேன்?]

அடுத்த வரைவில் அவளுக்குக் கஷ்டத்தைக் கொட்டினேன். கணவனுக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை, அங்கே சம்பளம் பாதி பாதியாக வருகிறது என்று எழுதினேன். இது உண்மையும்கூட. ஆனால் பக்கம் முழுக்கக் கண்ணீர் தேங்கி, ஹேமாவதி கேட்ட பணம் ஏதோ பாவம் மாதிரி ஆகிவிட்டது. அது அநியாயம். குழந்தையைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டதற்குக் கூலி கேட்பதில் என்ன பாவம்?

அதனால் இரண்டையும் கிழித்துவிட்டு, தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். ரோஹிணியிடம் பணம் இல்லாமல் இல்லை. எல்லோருக்கும் கொடுக்கிற அளவுக்கு இல்லை. கொஞ்சம் இருக்கிறது, அந்தக் கொஞ்சம் மாதா மாதம் எங்கேயோ போகிறது, கீழ்த்தளத்துக்கு மட்டும் வருவதில்லை.

இவள் ஒருத்தி என்றால் ஹேமாவதி சமாளித்திருப்பாள். கேட்க முடியாத நேரத்தைப் பார்த்து நழுவுகிறவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். ஒரு குடும்பம் இரண்டு மாத பாக்கியோடு சொல்லாமல் கொள்ளாமல் பம்மலில் வேறு க்ரெச்சில் சேர்ந்துவிட்டது. குழந்தையின் தண்ணீர் பாட்டில் இன்னும் இங்கேதான் இருக்கிறது.

4

குமரேசன் ஒரு நாள் வீட்டுக்குள்ளிருந்து கேட் வரைக்கும் கேட்கும்படி பேசினார். எனக்கு எழுதுகிற வேலை மிச்சம்.

"கூரியர் கம்பெனிக்காரன் கீழ் போர்ஷனைக் கேக்கறான். மொத்தமா அட்வான்ஸ் கொடுக்கறேங்கறான். ஒண்ணாந் தேதி வரைக்கும்தான் அவன்கிட்ட டைம் வாங்கிகீறேன்."

"அப்ப என் க்ரெச்சு?"

"இன்னா க்ரெச்சு? அரிசி நீ வாங்கறே, பால் நீ வாங்கறே, தபீதாளுக்கு என் பாக்கெட்லேர்ந்து போவுது. பேஜாரா கீது ஹேமா. நீ சம்பாதிக்கறியா, ஊருக்குச் சோறு போடறியா?"

இந்த இடத்தில் நான் ஒரு காட்சி எழுதினேன். மாடியிலிருந்து வயதான அம்மாள் இறங்கி வருகிறாள், ஹேமாவதியின் தோளில் கை வைக்கிறாள், ஒரு நல்ல யோசனை சொல்கிறாள். ஹேமாவதியின் கண்கள்—

[அடித்தேன். நான் இறங்கவே இல்லை. மூட்டுவலி. தவிர, என்னிடம் யோசனை எதுவும் இருக்கவில்லை. யோசனை குமரேசனிடமிருந்து வந்தது, அவருக்கே தெரியாமல்.]

"மாடிம்மாவைப் பாரு" என்றார். "எவ்ளோ நல்லவங்க. நல்லவங்கன்னு சும்மா சாவி குடுத்தேனா? பத்து மாச வாடகை அட்வான்ஸ் வாங்கிகினுதானே குடுத்தேன்? காலி வூட்டுக்கே முன்பணம் வாங்கறேன். நீ உசுருள்ள புள்ளையை வாங்கி உள்ள வெச்சிகினு, மாசம் முடிஞ்சப்புறம் கேக்கறே!"

பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. விமானமும் இல்லை.

"இன்னா சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. கோவத்துல—"

"இல்ல, திருப்பிச் சொல்லு. காலி வூட்டுக்கு..."

"காலி வூட்டுக்கே அட்வான்ஸ் வாங்கறேன்னேன்."

"வாங்கிகினு?"

"வாங்கிகினுதான் சாவி."

"அவங்க காலி பண்ணா?"

"கழிச்சிகினு மீதியைத் திருப்பிக் குடுப்பேன். இது ஊர் வழக்கம், புதுசாவா சொல்றேன்?"

"இதே ஊர்லதான நானும் கீறேன்" என்றாள் ஹேமாவதி. "எனக்கு இவ்ளோ நாளா தோணல பாரேன்."

(ஓரக் குறிப்பு: இதைப் படித்துக்காட்டியபோது குமரேசன் ஒரு திருத்தம் சொன்னார். 'கோவத்துல' என்பதை எடுத்துவிட்டு 'யோசித்து' என்று போட வேண்டுமாம். போடவில்லை.)

5

மறுநாள் கேட்டில் ஓர் அட்டை தொங்கியது. தபீதாளின் மகள் ஜெரூஷாவின் கையெழுத்து, அழகாக இருக்கும். புதிதாகச் சேர்வதானாலும் தொடர்வதானாலும் ஒரு மாத அட்வான்ஸ். அந்தந்த மாத ஃபீஸ் ஒன்றாம் தேதி காலையில், குழந்தையை விடும்போதே. நிறுத்துவதானால் முன்கூட்டிச் சொன்னால் அட்வான்ஸ் கடைசி மாதத்தில் கழியும். பழைய பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரலாம். அட்வான்ஸ் இல்லாமல் ஒன்றாம் தேதிக்குமேல் கேட் திறக்காது.

"இதுக்கு எல்லாரும் ஒத்துகினாங்கன்னா கூரியர்காரனை வேணாங்கறேன்" என்றார் குமரேசன். "எல்லாரும்னா எல்லாரும். ஒருத்தருக்குச் சும்மா தெறந்தா, அடுத்த மாசம் பூரா பேருக்கும் தெறந்தா மாதிரி."

ஒன்றாம் தேதி காலை நான் ஃபில்டரில் பொடி போடக்கூட மறந்து ஜன்னலில் நின்றேன். சண்டை வரும், நாலு பக்கம் தேறும் என்று ஆசை. வரவில்லை! முதலில் வந்தவர் எலியேசர். விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை, இரட்டைக் குழந்தைகள்.

"ரெண்டுக்கும் சேர்த்தா அக்கா?"

"ரெண்டு புள்ளைல்ல சார். ரெண்டு அட்வான்ஸ்."

"வீட்டு ஓனரே பரவால்ல போலிருக்கே."

"வூட்டு ஓனர் உங்க புள்ளைக்கு மூக்கு சிந்தி வுடுவாரா?"

எலியேசர் சிரிக்கிற சத்தமும், போனில் பணம் போனதற்கான சத்தமும் சேர்ந்து கேட்டன. அடுத்தடுத்து வந்தவர்களும் முனகினார்கள், கொடுத்தார்கள். ஒருவர் மட்டும், "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே, எனக்கும் எப்ப தர்றதுன்னே தெரியாம இருந்தது" என்றார். இந்த வரிக்கு நான் அரை நாள் செலவழித்தேன். தராதவர்களில் பாதிப் பேர் ஏமாற்றுகிறவர்கள் இல்லை, கேட்கப்படாதவர்கள். இந்தக் கதைக்கு இப்படி ஒரு செய்தி அமையும் என்று நான் திட்டமிடவில்லை. வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.

மத்தியானம் தபீதாளுக்குப் போன மாதத்து மீதி கிடைத்தது.

"எண்ணிப் பாத்துக்கோ."

"பகல்ல குடுத்தாலும் லெட்சுமி போய்டப் போவுது."

"போய்ட்டு வரட்டும். வழி தெரியும் அதுக்கு."

அன்றைக்கு வராதவள் ஒருத்திதான். ரோஹிணி. அடுத்த நாளும் வரவில்லை. மிருதுளாவின் பாய் உருட்டி ஓரமாக வைத்தபடியே இருந்தது. குமரேசன் கூரியர்காரரிடம் இன்னும் இரண்டு நாள் டைம் கேட்டிருந்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. "ஒருத்தி பாக்கி கீறாளே" என்றார்.

6

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் சில முடிவுகள் இருக்கின்றன.

ரோஹிணி பாக்கியோடு வேறு க்ரெச்சுக்குப் போய்விடுகிறாள். அந்த க்ரெச்காரி ஹேமாவதிக்குப் போன் செய்து, "இவங்க எப்படி?" என்று கேட்கிறாள். ஹேமாவதி ஒரு விநாடி— [வேண்டாம். அந்த விநாடியை எழுத நான்கு பக்கம் ஆகும்.]

ரோஹிணி மொத்தப் பணத்தையும் கொண்டுவந்து காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்கிறாள். [இதை ஹேமாவதியிடம் சொன்னேன். "எந்த ஊர்ல?" என்றாள்.]

கூரியர் கம்பெனி வருகிறது. குழந்தைகள் தூங்கிய இடத்தில் அட்டைப் பெட்டிகள் அடுக்கி— [இதை எழுதவே கை வரவில்லை. எழுதினால் நானே காலி செய்துவிட்டுப் போக வேண்டியிருக்கும்.]

ஆகவே கேட்டதைத் தருகிறேன். இதற்கப்புறம் நான் குறுக்கே பேசமாட்டேன். கடைசியில் பதில் என்ன என்று கேட்டுக் கடிதம் எழுத வேண்டாம். எனக்கு அந்தப் பதில் தெரியும், நான் அங்கேதான் இருந்தேன். ஆனால் அதைச் சொன்னால் ரோஹிணி மறுபடியும் நல்லவளோ கெட்டவளோ ஆகிவிடுவாள். உங்கள் வீட்டில் ஒன்றாம் தேதி பணம் எந்த வரிசையில் போகிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். அதை வைத்து நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

காலை. கேட்டில் இரும்புத் தாழ்ப்பாள் அசைகிறது, திறக்கவில்லை.

"அக்கா."

"வாம்மா. ரெண்டு நாளா காணோம்."

"லீவ் போட்டேன். இன்னிக்கும் போட்டா வேலை போயிடும். பல்லாவரத்துல ட்ரெயினைப் புடிக்கணும்க்கா, ப்ளீஸ்."

"அட்டையைப் படிச்சியா?"

"படிச்சேன். நாளைக்குச் சம்பளம் வந்துடும்."

"போன மாசமும் சம்பளம் வந்துது. அதுக்கு முந்தின மாசமும் வந்துது."

"வந்துதுதான்."

"எங்க போச்சு? சண்டைக்குக் கேக்கல. தெரிஞ்சிக்கக் கேக்கறேன்."

"வீட்டு ஓனருக்கு. ஒரு நாள் லேட்டானாலும் கதவைத் தட்டி, மேல கீழ எல்லாருக்கும் கேக்கற மாதிரி கத்துவார். அப்புறம் வண்டி லோன். அவங்க என் ஆபீசுக்கே போன் பண்ணுவாங்க. அப்புறம் சீட்டு, அது எங்க நாத்தனார்கிட்ட. தரலன்னா குடும்பமே பேசும்."

"அப்புறம்?"

"அப்புறம்... மிச்சம் இருந்தா உங்களுக்குன்னு வெப்பேன்க்கா. நீங்க கத்த மாட்டீங்க. வீட்டு மனுஷி மாதிரி."

"மிச்சம் இருந்துதா?"

"இல்ல."

"கத்தறவங்களுக்கு மொதல்ல. வூட்டு மனுஷிக்கு மிச்சத்துல."

"அப்படி இல்லக்கா—"

"அப்டிதாம்மா. நானும் அப்டிதான் பண்ணிகீறேன். பால்காரர் கத்துவாருன்னு அவருக்குக் குடுத்துட்டு, தபீதாளை நிறுத்தி வெச்சேன். அவதான் கத்த மாட்டா."

பின்பக்கத்திலிருந்து குமரேசன் கனைக்கிறார். "ஹேமா. எல்லாரும்னா எல்லாரும்."

"கேக்குது. நீ உள்ள போ, நான் பேசிகினு கீறேன்ல?"

"தபீத்தா!" இது மிருதுளா. கேட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற சந்து குழந்தை அளவுதான். செருப்புச் சத்தம் உள்ளே ஓடுகிறது. தபீதாள், "வாடி என் தங்கம், தோசை ஆறிப்போவுது" என்கிறாள்.

"மிருதுளா! வெளிய வா! அக்கா இன்னும் சொல்லல!"

"வுடும்மா. இன்னாத்துக்குக் கூப்புடறே? உள்ள போய்ட்டா. நான் அவளைக் கையைப் புடிச்சி வெளிய வுடமாட்டேன். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தோ பின்னால நின்னுகினு கீறாரே அவருக்கும் தெரியும். ட்ரெயினுக்கு லேட்டாவுது உனக்கு. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. நாளைக்கி சம்பளம் வந்ததும் மொதல்ல யாருக்குக் குடுப்பே?"